ஆய்வில் சேர ஒரு கை கொடுங்கள்

முதுகுத்தண்டில் அடிபட்டு, மார்புக்குக் கீழே உணர்வில்லாமல் சக்கர நாற்காலியில் இருக்கிறேன் என்பது வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். இப்போது ஒரு சோதனைச் சிகிச்சைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். உதவி கேட்டுத்தான் இந்தப் பதிவு.

இந்தச் சிகிச்சையில், காயத்துக்குக் கீழே, தண்டுவட உறையின் மேல் மின்முனைகளைப் பதித்துச் சிறு மின்துடிப்புகளை அனுப்புவார்கள். மூளையிலிருந்து வரும் கட்டளை பலவீனமாக இருந்தாலும் அங்குள்ள நரம்புகள் அதற்குச் செவிசாய்க்க இது உதவுகிறது. 2018-ல் அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகம், மேயோ கிளினிக், சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் என மூன்று குழுக்கள், முடங்கிப்போன சிலர் இதன் துணையோடும் மாதக்கணக்கான பயிற்சியோடும் அடியெடுத்து வைத்ததைப் பதிவு செய்தன. சிலர் மட்டும்தான், கவனியுங்கள். நடந்துவிடுவேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. சாயாமல் உட்காரவும், நிமிர்ந்ததும் ரத்த அழுத்தம் இறங்காமல் இருக்கவும் முடிந்தாலே போதும். சிறுநீர்ப்பை கொஞ்சம் சொல்பேச்சு கேட்டால் இன்னும் நல்லது. அதையெல்லாம் யாரும் செய்தியில் போடமாட்டார்கள்!

கருவிக்கும் அறுவைக்கும் இந்த ஆய்வில் பணம் வாங்குவதில்லை. (காசு கட்டினால் ஸ்டெம் செல் செலுத்தி நடக்க வைக்கிறோம் என்று வந்த அழைப்புகளுக்கு நான் பதிலே போடவில்லை.) ஆனால் பயணம், மாதக்கணக்கில் தங்குவது, கூடவே ஒரு உதவியாளர், இவை என் பொறுப்பு. அப்புறம், எலும்பு அடர்த்தி, படுக்கைப்புண் எல்லாம் பார்த்துத்தான் ஆய்வில் சேர்ப்பார்கள். தேர்வாகாவிட்டால் பணம் கொடுத்தவர்களுக்கே திரும்பிவிடும். பணம் தர முடியாதவர்கள், ஒப்புதல் படிவத்தை என்னோடு வரிவரியாகப் படிக்கக்கூடிய ஒரு மருத்துவரை அறிமுகம் செய்தாலும் பெரிய உதவிதான்.