பேத்திக்கு நடைவண்டி: முதல் ஆறு வாரம்

பேத்திக்கு இப்போது 11 மாதம் முடிந்திருக்கிறது. மகளும் மருமகனும் எங்களோடு ஒரே வீட்டில் இருப்பதால், காலையில் என்னை எழுப்புவது அவள்தான். தவழ்ந்து வந்து கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்று, போர்வை நுனியை இழுப்பாள். கண் திறந்தால் கீழ்வரிசை இரண்டு பல்லும் தெரியச் சிரிப்பாள். அப்படி நிற்கத் தொடங்கியதைப் பார்த்துத்தான் நடைவண்டி செய்ய உட்கார்ந்தேன்.

மகள் முதலில், உட்கார வைத்து ஓட்டும் பிளாஸ்டிக் வாக்கர் வாங்கலாம் என்றாள். குழந்தை டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். காலால் உந்திக்கொண்டு, நாம் எட்டிப் பிடிப்பதற்குள் படிக்கட்டு வரை போய்விடும். நடையும் அதனால் சீக்கிரம் வராது என்றார். கனடாவில் 2004-லிருந்து அதை விற்கவே தடை. நடைவண்டி அப்படி இல்லை, குழந்தை தன் காலில் நின்று தள்ளுகிறது. பக்கத்தில் ஆள் வேண்டும் என்பது மட்டும் இதற்கும் உண்டு. ஆள்தான் நான் இருக்கிறேனே.

முதல் வாரம் முழுக்க அளவெடுத்ததுதான். முக்காலியைப் பிடித்து அவள் நிற்கும்போது நூல் பிடித்துப் பார்த்ததில் கைப்பிடி 16 அங்குல உயரத்தில் வந்தது. கைப்பிடியின் பருமன்தான் யோசிக்க வைத்தது. சப்பாத்திக் கட்டையைக் கொடுத்தேன், விரல் சுற்றி வரவில்லை. அடுப்படியில் இருந்த மத்தைக் கொடுத்தேன். அதன் கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிடுங்கப் போன பாட்டியிடம் தரவே இல்லை. சரி, அதே பருமன், முக்கால் அங்குலம்.

பரணில் பழைய தேக்குச் சன்னல் கதவு ஒன்று கிடந்தது. சட்டத்துக்கு அது போதும். சக்கரங்களைக் கடைசல் பட்டறையில் வேப்பமரத்தில் 4 அங்குல விட்டத்துக்குக் கடைந்து வாங்கினேன். கட்டை சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்துவார்கள்; சூட்டில் உருகி வண்ணம் பிடித்துக்கொள்ளும். அம்பாசமுத்திரத்து மரச்சொப்புக்கு வண்ணம் ஏற்றுவதும் இப்படித்தான். மற்ற பாகத்துக்குப் பெயிண்டே அடிக்கவில்லை, எப்படியும் கடிப்பாள். உப்புத்தாளில் 80, 120, 220 நம்பர் என்று மூன்று முறை தேய்த்து, தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசினேன். கன்னத்தில் வைத்து உரசிப் பார்த்தேன், ஒரு சிலாம்பு இல்லை.

மூன்றாம் வாரம் முதல் ஓட்டம். கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள், வண்டி முன்பக்கம் தூக்கிக்கொண்டு அவள் மேலேயே சாய்ந்தது. "ஏங்க, பிடிங்க!" என்று மனைவி கத்துவதற்குள் பிடித்துவிட்டேன். அடி படவில்லை, பயந்து அழுதாள். எனக்கு அன்று முழுக்க நெஞ்சு படபடவென்றே இருந்தது. முப்பது வருடம் லாரி ஓட்டியவனுக்குக் காரணம் உடனே புரிந்தது: பின்சக்கரங்களின் அச்சு கைப்பிடிக்கு நேர் கீழே இருந்தது. குழந்தை தன் பக்கம் இழுத்தால் பாரம் அச்சுக்கு வெளியே போய்விடும். அச்சை 3 அங்குலம் பின்னுக்குத் தள்ளினேன். முன்சக்கரத்துக்கு மேலே ஒரு பலகை அடித்து, ஒன்றரைக் கிலோ மணலைத் துணிப்பையில் தைத்து அதில் கட்டினேன். அப்புறம் நானே கைப்பிடியை அழுத்தியும் இழுத்தும் பார்த்தேன், சாயவில்லை.

அடுத்த சிக்கல் வேகம். மொசைக் தரையில் வண்டி வழுக்கிக்கொண்டு முன்னே ஓடியது, கால் பின்தங்கியது. பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிச் சக்கரங்களுக்கு மாட்டினேன். கடையாணிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அதே ரப்பரில் ஒரு வாஷர். இப்போது தள்ளினால்தான் நகரும்.

ஐந்தாம் வாரம், வியாழக்கிழமை மாலை, கூடத்தில் ஏழு அடி எடுத்து வைத்தாள். நான் தரையில் படுத்துப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஐந்து விரலும் தரையைக் கவ்வுகின்றன. வெள்ளை வெளேரென்று ஆகி, தூக்கும்போது மறுபடி சிவக்கின்றன. மகள் முதல் அடி வைத்த நாளில் நான் நாக்பூர் பக்கம் லோடோடு இருந்தேன். எஸ்.டி.டி. பூத்தில் மனைவி சொல்லக் கேட்டதுதான். இவள் நடப்பதைத் தரையோடு தரையாக, ஒரு சாண் தூரத்தில் பார்த்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இந்த வாரம் கைப்பிடியின் இடது ஓரத்தில் இரண்டு பல் பதிந்த தடம் இருக்கிறது. அதைத் தேய்க்கப் போவதில்லை.

வண்டி நேரேதான் போகும், திரும்பாது. சுவரில் முட்டியதும் கைப்பிடியை ஆட்டி "தாத்... தாத்..." என்று கூப்பிடுவாள். "அப்பா, முன்சக்கரம் திரும்புற மாதிரி வச்சிடலாமே" என்கிறாள் மகள். வைக்கலாம்தான். ஆனால் நடை உறுதிப்படும் முன் சக்கரம் பக்கவாட்டில் திரும்பினால் விழுவாள். இன்னும் இரண்டு மாதம் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை அவள் கூப்பிடும்போதெல்லாம் நான் போய்த் திருப்பி வைக்கிறேன்.