பைபர் வாசல்வரை வந்தது, வைஃபையைக் கடைசி அறைக்குக் கொண்டுபோனது எப்படி?

வீட்டுக்குள் பைபர் வருவது ஒரு வேலை. அந்த வேகம் கடைசி அறையில் இருக்கும் போனுக்குப் போய்ச் சேர்வது வேறு வேலை. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்ததால்தான் எங்கள் வீட்டில் காரியம் நடந்தது. எதை நிறுவனத்திடம் கேட்க வேண்டும், எதை நாமே சரிசெய்துகொள்ளலாம் என்று தெரிந்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். புதிதாக இணைப்பு எடுப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை விரிவாகவே எழுதுகிறேன்.

ஒயர் இழுக்க வந்தவர், பைபரின் ஒளியை நெட்டாக்கி வைஃபையும் கொடுக்கும் பெட்டியை வாசல் பக்கத்துச் சுவரிலேயே மாட்டலாம் என்றார். பைபரை வீட்டின் நடுவரை கொண்டுபோகலாமா என்று யோசித்துப் பார்த்தேன்; வேண்டாம் என்று முடிவு செய்தேன். பைபர் ஒயர் உள்ளே ஒடிந்தால் அதை ஒட்டத் தனிக் கருவி வேண்டும், நிறுவனத்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். செம்புக் கம்பி உள்ள லேன் கேபிள் என்றால் நாமே மாற்றிவிடலாம். ஆகவே பைபர் முன்னறையோடு நிற்கட்டும், அங்கிருந்து உள்ளே லேன் கேபிள் போகட்டும் என்று வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

அவர் முனை கட்டுவதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். கருப்பு உறையை உரித்து, இழையின் மேல்பூச்சை நீக்கி, ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, சின்னக் கருவியில் வைத்து ஒரே வெட்டு. அந்தக் கண்ணாடி இழையின் தடிமன் 125 மைக்ரான். அதற்குள் ஒளி ஓடும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். ஒரு தூசி உட்கார்ந்தாலே ஒளி குறையும் என்பது அப்போதுதான் உறைத்தது. முனையில் மாட்டும் பச்சைக் கனெக்டரின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். நீல நிறத்தில் வருவதற்கு அந்தச் சாய்வு கிடையாது. பச்சையை நீலத்தோடு சேர்த்து மாட்டக் கூடாது. இன்னொன்று, கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். உள்ளே வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுதல் செய்யும்.

கட்டி முடித்ததும் பவர் மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்: மைனஸ் 19 டிபிஎம். டிபிஎம் என்பது ஒளியின் பலத்தைச் சொல்லும் அளவு; மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதானால் ஒளி குறைவு. ஒரே பைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் இணைப்பில் பெட்டிக்கு வந்து சேரும் ஒளி பொதுவாக மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 25-ஐத் தாண்டிப் போனாலே கவனிக்க வேண்டிய நிலை. 3 டெசிபெல் இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். இந்த எண்ணைப் பிரவுசரில் திறக்கும் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் நாமே பார்த்துக்கொள்ளலாம். பல பெட்டிகளில் 'ஆர்எக்ஸ் பவர்' என்ற பெயரில் இருக்கும்.

இந்தக் குறிப்பு பிறகு கைகொடுத்தது. முன்னறை அலமாரியை நகர்த்திய பிறகு நெட் விட்டு விட்டு வந்தது, ஒளி வராததைக் காட்டும் எல்ஓஎஸ் விளக்கு அவ்வப்போது சிவப்பாக மினுங்கியது. நிர்வாகப் பக்கத்தில் மைனஸ் 27-ஐ ஒட்டி நின்றது. அலமாரிக்குப் பின்னால் ஒயர் கூர்மையாக மடங்கியிருந்தது. மடிப்பைப் பிரித்து உள்ளங்கை அகலத்துக்கு வளைவாக விட்டதும் பழைய எண்ணுக்கு வந்துவிட்டது. குறித்து வைக்காமல் இருந்திருந்தால் ஒளி குறைந்திருக்கிறது என்பதே தெரிந்திருக்காது.

ஒயர் இழுக்க வந்தவர் கிளம்புவதற்கு முன்னால், பெட்டி நிறுவனத்தோடு இணையத் தேவையான பிபிபிஓஇ பயனர்பெயர், கடவுச்சொல், விலேன் எண் மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியின் பின்னால் உள்ள ரீசெட் துளையை யாராவது குத்திவிட்டால் இவை அழிந்துபோகலாம்.

அடுத்தது வேகம். முதல் சோதனையை லேப்டாப்பில் லேன் கேபிள் செருகித்தான் செய்தேன். கேபிளில் திட்டத்துக்குரிய வேகம் வந்தது. அதோடு நிறுவனத்தின் பங்கு முடிந்தது; கேபிளில் வேகம் குறைந்தால் மட்டுமே அவர்களிடம் புகார் செய்ய வேண்டும். கேபிளில் சரியாக வந்து போனில் வீடியோ சுற்றிக்கொண்டே இருந்தால் கோளாறு வைஃபையில். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எத்தனையோ பேர் வாடிக்கையாளர் சேவையோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்.

போனில் வைஃபை அளக்கும் செயலியைப் போட்டுக்கொண்டு அறை அறையாக நடந்தேன். முன்னறையில் மைனஸ் 45, சமையலறையில் மைனஸ் 68, கடைசி அறையில் மைனஸ் 82. இதுவும் டிபிஎம்தான்; பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க சிக்னல் பலம். வீடியோ அழைப்பு தடங்கலில்லாமல் ஓட மைனஸ் 67 அளவாவது வேண்டும். மைனஸ் 80 என்றால் போனில் ஒரு கோடு காட்டும், ஆனால் ஒன்றும் திறக்காது. நடக்கும்போது எங்கே எண் சரிகிறது என்று பாருங்கள், காரணம் அங்கேயே நிற்கும். எங்கள் வீட்டில் அது நிலைக்கண்ணாடி பதித்த இரும்பு பீரோ. அதைத் தாண்டியதும் ஒரேயடியாக விழுந்தது. கான்கிரீட் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் இப்படித்தான் மறிக்கும்.

காசு செலவில்லாத வேலைகளை முதலில் செய்தேன். டிவிக்குப் பின்னால் இருந்த பெட்டியைத் தலைக்கு மேல் உயரமான தட்டில் வைத்து, ஆன்டெனாக்களை நேராக நிமிர்த்தினேன். நிமிர்ந்த ஆன்டெனாவிலிருந்து சிக்னல் பக்கவாட்டில்தான் அதிகம் பரவும், அதன் நுனி காட்டும் திசையில் குறைவு. சமையலறை மைனஸ் 60-க்கு வந்தது. பிறகு சேனல், அதாவது வைஃபை ஓடும் தடம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அக்கம்பக்கத்தார் எல்லாரும் 6-இல் இருந்ததால் 11-க்கு மாற்றி, சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தினேன். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கடைசி அறை இதற்கெல்லாம் மசியவில்லை. வைஃபையை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் ரிப்பீட்டர் வாங்கலாம் என்று பலரும் சொன்னார்கள். சாதாரண ரிப்பீட்டர் ஒரே சேனலில் கேட்டு, அதே சேனலில் திருப்பிச் சொல்கிறது. அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். சிக்னல் செத்த அறையிலேயே அதை வைத்தால் கேட்பதற்கே ஒன்றும் இருக்காது, பாதி வழியில்தான் வைக்க வேண்டும். கேபிள் இழுக்கவே முடியாத வீட்டுக்கு ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் கருவிகள் நல்லது. எங்கள் வீட்டுச் சுவருக்குள் பழைய டிவி ஒயர் போன குழாய் சும்மா இருந்தது. அதன் வழியாக கேட் 6 வகை லேன் கேபிளை இழுத்து, மறுமுனையில் வீட்டில் கிடந்த பழைய ரவுட்டரை மாட்டினேன்.

பழைய ரவுட்டரை அப்படியே செருகினால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் ஆகிவிடும். ஒன்றில் இருக்கும் போனுக்கு மற்றதில் இருக்கும் பிரிண்டர் தெரியாது. அதனால் மாட்டுவதற்கு முன்பே அதன் முகவரியை 192.168.1.1-இலிருந்து 192.168.1.2 ஆக்கி, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்துவிட்டேன். கேபிளை வெளி இணைப்புக்கான வேன் (WAN) துளையில் செருகாமல் லேன் துளையில் செருகினேன். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முன்னறைப் பெட்டியில் உள்ளதே, சேனல் மட்டும் 1. எதோடு ஒட்டிக்கொள்வது என்று போன்தான் முடிவு செய்யும்; பல போன்கள் தூரத்துப் பெட்டியை விடாமல் பிடித்துக்கொள்ளும். முன்னறைப் பெட்டியின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் பவரை ஒரு படி குறைத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

கடைசி அறையில் சிக்னல் மைனஸ் 48, ஆனால் வேகம் 94 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. 90-களின் நடுவில் இப்படி வேகம் முட்டி நின்றால் எனக்குச் சந்தேகம் கேபிள் மேல்தான் போகும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 4 கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) 8 கம்பிகளும் வேண்டும். எலக்ட்ரீஷியன் கிரிம்ப் செய்த, அதாவது பிளக்கை அழுத்திப் பொருத்திய முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், பழுப்புக் கம்பி மட்டும் பித்தளைப் பல்லுக்கு ஒரு நூலளவு முன்னாலேயே நின்றிருந்தது. முனையை வெட்டிவிட்டு வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் மறுபடி கிரிம்ப் செய்ததும் முழு வேகமும் வந்தது. பழைய ரவுட்டரின் துளை கிகாபிட்தானா என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பல பழைய ரவுட்டர்கள் 100-க்கு மேல் போகாது.

இரண்டு பெட்டிகளின் அடாப்டரிலும் 12 வோல்ட் என்று போட்டிருந்ததால், ஒவ்வொன்றுக்கும் 12 வோல்ட் தரும் ஒரு சின்ன யுபிஎஸ் மாட்டிவிட்டேன். வாங்கும்போது வோல்ட் மட்டுமல்ல, ஆம்பியரும் அடாப்டரில் உள்ள அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஜிபானில் தெருவில் ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. ஆகவே தெரு முழுக்கக் கரண்ட் போனாலும், நிறுவனத்தின் முனையிலும் நம் வீட்டுப் பெட்டியிலும் மின்சாரம் இருக்கும்வரை இணைப்பு ஓடும்.