நீல மாத்திரையும் காபியும்

நேற்று ஏற்காட்டில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். பத்தாவது படிக்கும் தங்கை, பள்ளியில் வாராவாரம் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரைகளைப் பையிலேயே சேர்த்து வைத்திருக்கிறாள்.

"வெளிக்கி கறுப்பா போவுதுக்கா, பயமா இருக்கு."

அது இரும்பால் வருவது, பயப்பட வேண்டாம் என்று அவளுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. மாத்திரையை மட்டும் நீட்டினால் போதுமா?

வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சரி, சாப்பிட்டுவிட்டுப் போடலாம். ஆனால் கூடவே காபியோ டீயோ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. காபித் தோட்டத்து ஊரில் சோறு முடிந்ததுமே டம்ளர் வந்துவிடுகிறதே! ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொன்னேன். நெல்லிக்காய், ஆரஞ்சு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். அப்புறம், சேர்த்து வைத்ததை மொத்தமாக விழுங்கக் கூடாது என்பதையும் இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பையையும் இன்று ராத்திரி ஒருமுறை பாருங்கள். திட்டாமல் கேளுங்கள்.