அவருக்கு எட்டாத வாசனை

அந்த லேகர் பீர் டேங்கின் சூட்டைக் குளிருக்கு இறக்காமல் நிறுத்தி வைத்தது சரியான முடிவு. அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. உறுத்துவது நான் அதைச் சொன்ன இடமும், பதிலுக்கு எங்கள் ஆலையில் பீர் தயாரிப்புக்குப் பொறுப்பான மாஸ்டர் கேட்ட ஒரு கேள்வியும்தான்.

நொதித்தல் முடிந்து, சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பிளேட்டோ அளவு நகராமல் நின்றிருந்தது. டேங்கிலிருந்து நேராகப் பிடித்துக் குடித்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலே இருந்தவர்களுக்கு டேங்க் காலியாக வேண்டும். "சரி, ஜீரோ டிகிரிக்கு இறக்கிடலாம்" என்றார் மாஸ்டர். நான் ஒரு சாம்பிளை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மூடி 60 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் வைத்து, ஆறவிட்டு, இரண்டு கிளாஸையும் அவர் முன்னால் வைத்தேன்.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இது எதற்கென்று தெரியும். பீரை நொதிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட், தனக்கு வேண்டிய வாலின் என்னும் அமினோ அமிலத்தைச் செய்துகொள்ளும்போது, வழியில் உருவாகும் அசெட்டோலாக்டேட் கொஞ்சம் வெளியே கசிந்துவிடும். அது மூக்குக்குத் தெரியாது. ஆனால் ஈஸ்டின் தயவில்லாமலே அது மெல்ல மெல்ல டையசெட்டைலாக மாறும். அதுதான் வெண்ணெய் வாசனை. லேகரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருந்தாலே பலருக்குப் பிடிபட்டுவிடும். ஈஸ்ட் சுறுசுறுப்பாக இருந்தால் அதைத் திரும்ப உள்ளே இழுத்து, வாசனை எழும்பாத பொருளாக மாற்றிவிடும். 10 டிகிரியில் ஓடிய டேங்கைக் கடைசியில் 16, 17 டிகிரிக்கு ஏற்றிச் சில நாள் விடுவது அதற்காகத்தான். அவசரமாகக் குளிரவைத்தால் ஈஸ்ட் அடியில் படிந்துவிடும், கசிந்தது பீரிலேயே தங்கிவிடும். இன்றைக்கு டேங்கில் ஒன்றும் தெரியாது. வெண்ணெய் வருவது பிறகு, பாட்டிலில். சூடுபண்ணினால் அது இப்போதே வந்துவிடும்.

மாஸ்டர் முதல் கிளாஸை முகர்ந்தார். உள்ளங்கையால் மூடி, சுழற்றி, இரண்டாவதை முகர்ந்தார். மறுபடி முதலாவது. "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். பக்கத்தில் ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்த பையன், வேலைக்குப் புதியவன், நான் நீட்டியதும் மூக்கைக்கூடக் கிட்டே கொண்டுபோகவில்லை. "வெண்ணெய் மாதிரி அடிக்குதே" என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அறையே மணத்தது என்று சொல்லலாம்.

"சார், உங்களுக்கு இந்த ஒரு வாசனை மட்டும் எட்டலைன்னு நினைக்கிறேன்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் எல்லோர் முன்னாலும்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "அப்போ இத்தனை வருஷம்?" என்றார்.

நான் "நாளைக்கு ஒரு சாம்பிள் எடுத்துப் பார்ப்போம் சார்" என்றேன். அவர் தலையாட்டினார். டேங்க் சூட்டிலேயே இருந்தது. சில நாளில் சூடுபண்ணிய சாம்பிளும் சுத்தமானது, பீரும் நல்லபடியாகப் போனது.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அந்த இடத்தில் தனியாகக் கூப்பிட நேரமேது? வால்வைத் திறக்க ஆள் நின்றுகொண்டிருந்தான். நான் வாயை மூடியிருந்தால் அந்த பீர் முழுக்க வெண்ணெயோடு வெளியே போயிருக்கும். அவருடைய பெயரும் அதோடு சேர்ந்துதான் போயிருக்கும். இப்படி நினைக்கும்போது நியாயம் என் பக்கம் இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் முகம் அப்போது மாறியதை நான் பார்த்தேன். அவரை அவன் பார்க்கும் பார்வையில் அதுவரை இருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டது. பீரைக் காப்பாற்ற அது அவசியமாக இருந்ததா என்றால் எனக்குப் பதில் இல்லை.

டையசெட்டைல் சிலருக்கு ஓங்கி அடிக்கும், சிலருக்கு எட்டவே எட்டாது. அது அவரவர் மூக்கின் அமைப்பு, அனுபவம் கூடினால் வந்துவிடுகிற விஷயமல்ல. அதே மாஸ்டர், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ மூட்டையைப் பிரித்ததும் நாலு பூவை உள்ளங்கையில் வைத்து நசுக்கித் தேய்ப்பார். மஞ்சள் பொடி விரலிடுக்கில் ஒட்டும். ஒருமுறை, நான் நன்றாக இருக்கிறது என்று சொன்ன மூட்டையை அவர் "பழைய சீஸ் வாடை" என்று ஒதுக்கினார். ஹாப்ஸ் பழசானால் அதன் கசப்பு அமிலம் சிதைந்து வருகிற வாடை அது. எனக்கு அன்று ஒன்றும் வரவில்லை. அப்போது அவர் என்னிடம் "உனக்கு எட்டலை தம்பி" என்று சொல்லவில்லை. "இன்னொரு தடவை தேய்ச்சுப் பாரு" என்றுதான் சொன்னார்.

அவர் கேள்விக்கு இப்போது ஒரு பதில் வைத்திருக்கிறேன். அத்தனை வருஷமும் நீங்கள் டேங்கை அவசரப்படுத்தவில்லை சார், ஈஸ்டுக்கு வேண்டிய நாளைக் கொடுத்தீர்கள், மிச்சத்தை அது பார்த்துக்கொண்டது. 1516இல் ஜெர்மனியின் பவேரியாவில் பீருக்கென்று போட்ட சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றைத்தான் சொன்னது, ஈஸ்டைச் சொல்லவில்லை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் ஹான்சன் என்ற விஞ்ஞானி ஒரே ஈஸ்டைத் தனியே பிரித்து வளர்த்தது 1883இல்தான். நடுவில் இருந்த அத்தனை தலைமுறையும் பீரைச் சுத்தமாக்குவது எதுவென்று சரியாகத் தெரியாமலே, குளிர்ந்த நிலவறையில் மாதக்கணக்கில் காத்திருந்து நல்ல பீர் செய்தார்கள். அவர் அந்த வழியில் வந்தவர்.

இதைச் சொன்னால் அவர் மனம் ஆறும். ஆனால் முழுக்க உண்மையா? சூடுபண்ணிப் பார்க்கும் வழக்கம் நான் வந்த பிறகு வந்தது. அதற்கு முன்னால் போன டேங்குகளில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் வாய்வரை வந்தும் சொல்லாமல் இருக்கிறேன்.

இப்போது அவர் சூடுபண்ணிய சாம்பிளை முகர்வதில்லை. நானும் பையனும் சொல்வதைக் கேட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார். ஹாப்ஸ் மூட்டை வந்தால் மட்டும் அவரைக் கூப்பிடாமல் பிரிக்க விடமாட்டேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி "மாஸ்டர் ஏன் இதை மட்டும் பார்க்கிறதில்லை?" என்று கேட்டாள். "அது லேப் வேலைம்மா" என்றேன். பையன் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் எட்டாத வாசனை ஏதாவது இருக்கும், எனக்கிருப்பதுபோல. அதை எப்படிச் சோதிப்பது, யார் முன்னால் சோதிப்பது என்பதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.