தில்லை மரத்தடி மண்

ஜூன் 9

பிச்சாவரம் போய்விட்டு இப்போதுதான் அறைக்கு வந்தேன். இரண்டு முறை சோப்பு போட்டும் நகக்கண்ணில் சேற்று வாடை போகவில்லை.

வனத்துறை அனுமதிக் கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். படகுக்காரர், "எல்லாரும் போட்டோ புடிக்க வர்றாங்க, நீ என்னம்மா சேறு அள்ளுற?" என்றார். "இதுக்குள்ள புதுசா ஒரு மருந்து இருக்கான்னு பாக்கணும்ணே" என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ஆனால் தில்லை மரத்தின் கீழே நான் குனிந்ததும் கத்தினார்: "பாத்தும்மா, பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்!" சிதம்பரத்துக்குப் பெயர் தந்த மரம். கிளை ஒடிந்தால் வெள்ளையாகப் பால் வடியும். அந்த எரிச்சல் லேசில் அடங்காது என்கிறார்கள்.

மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, ஸ்பிரிட்டில் துடைத்த கரண்டியால் ஒரு சாண் ஆழத்திலிருந்து எடுத்தேன். கன்னங்கரேல் என்றிருந்தது, அழுகிய முட்டை நாற்றம். தில்லையடியில் ஆறு பை, வெண்கண்டல் மரத்தடியில் ஆறு பை. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பேருந்தில் வந்தேன்.

ஜூன் 11

மண்ணைத் தாளில் பரப்பி உலர்த்தியிருக்கிறேன். ஒரு வாரம் காய்ந்தால் மென்மையான பாக்டீரியாக்கள் பெரும்பாலும் செத்துப்போகும். ஆக்டினோமைசீட்டுகள் என்னும், பல ஆன்டிபயாடிக்குகளைத் தந்த மண் பாக்டீரியாக்களின் வித்துகள் காய்வதைத் தாங்கி நிற்கும். எனக்கு வேண்டியவை அவைதான்.

இந்த வேலைக்கு ஏன் வந்தாய் என்று லேபில் புதிதாகச் சேர்ந்த தங்கை கேட்டாள். பெரியப்பாவின் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பற்றிச் சொன்னேன். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். சீழில் வளர்ந்தது கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. இடப்பக்கம் வரிசையாக மருந்துப் பெயர்கள், வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேரே 'ஆர்', 'ஆர்', 'ஆர்'. அந்தக் கிருமியிடம் இந்த மருந்து செல்லாது என்று பொருள். கொலிஸ்டின் ஒன்றுதான் மிச்சம். 1940களின் கடைசியில் ஜப்பானில் ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்த மருந்து அது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பல காலம் ஒதுக்கி வைத்திருந்ததை, வேறு வழியில்லாமல் மறுபடி எடுத்திருக்கிறார்கள். பெரியப்பா பிழைத்தார். முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது.

ஜூலை 6

பாக்டீரியா வளர்க்கும் ஸ்டார்ச் கேசின் அகரில் கடல்நீர் பாதி கலந்து ஊற்றியிருந்த பிளேட்டுகளில் பதினோராம் நாள் புள்ளி புள்ளியாக எழும்பின. இன்று மூடியைத் திறந்ததும் அறை முழுக்க முதல் மழையில் நனைந்த மண்ணின் வாசனை. ஜியோஸ்மின் என்ற பொருளின் வேலை அது. மழை மண்ணில் நாம் முகர்வதும் இந்தப் பாக்டீரியாக்கள் செய்து வைத்ததைத்தான்.

மொத்தம் 64 பாக்டீரியாக்களைத் தனியாகப் பிரித்தெடுத்து 'பி' வரிசையில் எண் போட்டேன். சுண்ணாம்புத் தூள் தூவினாற்போல் வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு. பி-23 மட்டும் கடுகளவுதான் வளர்ந்திருக்கிறது. பி-41 அடியில் இருக்கும் அகரையே மஞ்சள் பூத்த ஆரஞ்சாக்கிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

ஜூலை 19

இந்த வாரம் செடிகள். அம்மா சொறிக்கு மஞ்சளோடு அரைத்துப் பூசும் குப்பைமேனியையும் சேர்த்துக்கொண்டேன். மெத்தனால் சாற்றில் 10 மில்லிகிராம் வைத்ததற்கு புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் மேல் 14 மில்லிமீட்டர் வளையம், அதாவது கிருமி வளராத வட்டம். பக்கத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் தோய்த்த வட்டு, 5 மைக்ரோகிராம்தான், 26 மில்லிமீட்டர். நான் வைத்த சாறு எடையில் அதைப்போல இரண்டாயிரம் மடங்கு. அவ்வளவு கொட்டினால் எந்த இலையின் டானினும் (துவர்ப்புப் பொருள்) புரதத்தைப் பிடித்துக் கிருமியை முடக்கும். வளையம் வந்தது, ஆகவே மருந்து என்று எழுதி முடிக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது மனசு கனக்கிறது. அங்கேதானே வேலை தொடங்குகிறது?

அதற்காக இலையைத் தூக்கிப் போடவும் மாட்டேன். சீன விஞ்ஞானி து யூயூவின் குழு மாசிபத்திரியின் உறவான செடி ஒன்றைச் சூடாக்கிச் சாறெடுத்தபோது மலேரியாவுக்கு ஒழுங்காகக் கேட்கவில்லை. இலையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று ஒரு பழைய சீன நூலில் இருந்த வரியைப் பார்த்துவிட்டு, சூட்டைக் குறைத்து ஈதரில் எடுத்தார். 1971-இல் அந்தச் சாறு வேலை செய்தது. ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்து அப்படி வந்தது. நாளை நானும் சூட்டில் சாறெடுக்கும் சாக்ஸ்லெட் கருவியை விட்டுவிட்டுக் குளிர்ந்த முறையில் ஒருமுறை எடுத்துப் பார்க்கப் போகிறேன்.

ஜூலை 27

வேதியியல் துறை அண்ணன் தான் செய்த டிரையசோல் வகைச் சேர்மங்கள் பதினெட்டைக் குட்டிப் புட்டிகளில் கொடுத்தார். பதினேழு எதையும் தொடவில்லை. பதினெட்டாவது கிருமியைக் கொன்றது, கூடவே ஆட்டு ரத்தத்தின் சிவப்பணுக்களையும் உடைத்தது. அண்ணன் முகம் வாடிவிட்டது. அவருக்கு ஜெர்மன் விஞ்ஞானி டோமாக்கின் கதையைச் சொன்னேன். புரோன்டோசில் என்ற சிவப்புச் சாயம் சோதனைக்குழாயில் ஒன்றும் செய்யாது. எலியின் உடம்புக்குள் போய் உடைந்து, சல்ஃபனிலமைடாக மாறித்தான் வேலை செய்தது. பிளேட்டை மட்டும் நம்பியிருந்தால் முதல் சல்ஃபா மருந்தே குப்பைக்குப் போயிருக்கும். "சரி, பதினேழையும் ஃப்ரீசர்ல வை" என்றார்.

ஆகஸ்ட் 3

பி-41: ஸ்டஃபைலோகாக்கஸ் மேல் 31 மில்லிமீட்டர் வளையம்! அளவுகோலை மூன்று முறை வைத்துப் பார்த்தேன். குடல் பாக்டீரியாவான ஈ.கோலை மேல் ஒன்றுமே இல்லை. பி-23: ஈ.கோலை மேல் மங்கலாக 9 மில்லிமீட்டர், அவ்வளவுதான். வட்டே 6 மில்லிமீட்டர்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சுப்பாராவ், லெடர்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சிக்குத் தலைவராக இருந்த காலத்தில்தான் டகர் என்பவர் அங்கே ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கண்டுபிடித்தார். அதுவும் மண்ணிலிருந்து வந்தது, பொன் நிறம். என் கையிலிருப்பதும் அதே நிறம் என்று புரண்டு புரண்டு படுத்தேன்.

ஆகஸ்ட் 22

பி-41 செய்யும் பொருளின் மாஸ் ஸ்பெக்ட்ரம், அதாவது மூலக்கூறின் எடையைக் காட்டும் வரைபடம், வந்தது. 1255, பக்கத்திலேயே சோடியத்தோடு சேர்ந்த 1277. ஒளி உறிஞ்சுவது 443 நானோமீட்டரில். என் ஆய்வு வழிகாட்டியான மேடம் திரையை ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஆக்டினோமைசின் டி" என்றார்.

1940-இல் வாக்ஸ்மனும் உட்ரஃபும் எடுத்தது. ஆக்டினோமைசீட்டிலிருந்து தனியாகப் பிரித்த முதல் ஆன்டிபயாடிக். டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டு ஆர்என்ஏ உருவாவதைத் தடுக்கும், அது கிருமியின் டிஎன்ஏவா நம்முடையதா என்று பார்க்காது. அதனால்தான் புண்ணுக்குக் கொடுக்க முடியாமல், குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்கள். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய மருந்து. ஆனால் நான் தேடியது இல்லை.

கழிப்பறையில் போய் அழுதேன். மேடம் வெளியே காத்திருந்து டீ வாங்கித் தந்தார். "மண்ணுல தேடுற எல்லாரும் பழசைத்தான் முதல்ல எடுப்போம். நீ ரெண்டு மாசத்துல கண்டுபிடிச்சிட்ட, நான் ஒரு வருஷம் ஓட்டினேன்" என்றார்.

ஆகஸ்ட் 24

பழைய பிளேட்டுகளை எடுத்து முதலிலிருந்து பார்த்தேன். பெரியப்பாவின் கிளெப்சியெல்லாவும் ஈ.கோலையும் ஒரே இனக் குடும்பம், இரண்டுக்கும் வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக உண்டு. பெரிய மூலக்கூறுகள் பெரும்பாலும் அந்த வாசலிலேயே நின்றுவிடும். பி-41 நின்றது. பி-23-இல் ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கிறது. 31-ஐப் பார்த்த கண்ணுக்கு 9 தெரியாமல் போய்விட்டது.

செப்டம்பர் 14

பி-23-ஐ மூன்று தடவை திரும்ப வளர்த்தேன். மூன்றிலும் வளையம் இருக்கிறது. கரைப்பானான டிஎம்எஸ்ஓ மட்டும் வைத்த வட்டில் இல்லை. சிவப்பணுவை உடைக்கவில்லை. மண் பாக்டீரியாக்களில் அடிக்கடி சிக்கும் பழைய ஆன்டிபயாடிக்கான ஸ்ட்ரெப்டோத்ரிசினாக இருக்குமோ என்று பயந்துகொண்டே மாஸ் பார்த்தோம். அதன் எடைகள் எதுவும் இல்லை. ஏற்கெனவே தெரிந்த பொருள்களின் தரவுத்தளத்தில் இதுவரை எதனோடும் பொருந்தவில்லை. இதற்குப் பெயர் வைக்கக் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வைக்கவில்லை.

பிரித்தெடுக்க இருக்கும் அளவு போதாது, குறைந்தது 20 லிட்டராவது வளர்க்க வேண்டும். ஸ்டார்ச் தீர்ந்துவிட்டது, ஸ்டோரில் சொல்லி வைத்தேன். கடல்நீர் எடுக்க நாளைக் காலை முதல் பேருந்தில் பரங்கிப்பேட்டை.