குலுக்கலில் வந்த குதிரையும் அங்கவடி வாரும்: போட்டி வார இறுதிக் குறிப்பு

ஞாயிற்றுக்கிழமை கல்லூரிக் குதிரைச் சவாரிப் போட்டியில், தடை தாண்டுதல் இல்லாத லிமிட் ஃப்ளாட் பிரிவில், எனக்கு நீல ரிப்பன். சனிக்கிழமை அதே களத்தில், அதே பிரிவில், இளஞ்சிவப்பு. அமெரிக்கப் போட்டிகளில் நீலம் முதல் இடம், இளஞ்சிவப்பு ஐந்தாம் இடம். ஓர் இரவுக்குள் என் சவாரி அவ்வளவு மாறிவிடவில்லை. மாறியது அங்கவடி வாரை, அதாவது கால் வைக்கும் வளையத்தைச் சேணத்திலிருந்து தொங்கவிடும் தோல் பட்டையை, நான் சரிபார்த்த விதம். அதை விரிவாக எழுதத்தான் இந்தக் குறிப்பு.

கல்லூரிப் போட்டியின் முறை இங்கே வாசிப்பவர்களுக்குத் தெரியும். சொந்தக் குதிரை கிடையாது. போட்டியை நடத்தும் கல்லூரிதான் குதிரையும் சேணமும் தரும். குலுக்கலில் வருவதில் ஏற வேண்டும். ஃப்ளாட்டில் ஏறிய பின் பழகிப் பார்க்க நேரம் கிடையாது, நேராகக் களத்துக்குள் போக வேண்டும். 1967இல் பாப் கச்சியோனே ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது தொடங்கிய ஐஎச்எஸ்ஏ என்ற கல்லூரிச் சவாரிப் போட்டி அமைப்பின் முறை இது. குதிரை வாங்க வசதியில்லாத மாணவரும் போட்டியிட வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை. அந்த எண்ணம் இல்லையென்றால் என் போன்றவர்கள் களத்தின் வேலிக்கு வெளியேதான் நின்றிருப்போம். குலுக்கல் நியாயமற்றது என்று குறைபட்டுக்கொள்பவர்களுடன் நான் எப்போதும் சண்டைக்குப் போவேன். நடுவர் மதிப்பிடுவது குதிரையை அல்ல, அதன்மேல் இருப்பவரை. முரண்டு பிடிக்கும் குதிரை வந்தால், திறமையைக் காட்ட அதைவிட நல்ல வாய்ப்பு வேறு எது?

ஆனால் ஒன்று உண்டு. முன்பின் தெரியாத குதிரையில், முன்பின் தெரியாத சேணத்தில், நம் கையால் மாற்றிக்கொள்ளக் கிடைப்பது ஏறக்குறைய அங்கவடியின் நீளம் மட்டும்தான். கடிவாளம் அவர்கள் மாட்டியது, சேணம் அவர்கள் கட்டியது. அங்கவடி வாரின் துளை மட்டுமே நம் முடிவு. அந்த முடிவுக்குக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. முந்தைய பிரிவு வெளியே வரும், குதிரையைப் பிடித்திருப்பவர் ஏறு மேடைக்கு அருகே கொண்டுவருவார், நுழைவாயிலில் இருப்பவர் நம் எண்ணை அழைத்துக்கொண்டே இருப்பார்.

இந்தப் பருவம் முழுக்க நான் இதைத் தனியாகப் பழகினேன். எங்கள் லாயத்தின் பின்னறையில் மரத் தாங்கி ஒன்றின்மேல் பழைய சேணம் ஒன்று கிடந்தது. அணியில் யார் வந்தாலும் அதன் இரண்டு வார்களையும் வெவ்வேறு துளைகளில் மாட்டி வைத்துவிடச் சொல்வேன். நான் ஏறி, கீழே பார்க்காமல், கால் அங்கவடியில் இருக்கும்போதே சரிசெய்ய வேண்டும். முழங்காலைச் சற்று விலக்கி, வாரின் முனையை மேல்நோக்கி இழுத்து, ஆள்காட்டி விரலால் பக்கிளின் ஊசியை வழிநடத்தி, துளையில் விழுந்ததும் உள்பக்க வாரைக் கீழே இழுத்துப் பக்கிளை மேலே அனுப்ப வேண்டும். பக்கிள் மேலேறி, வாரைத் தாங்கும் இரும்புப் பட்டையில் ஒட்டி நிற்கிறதா என்பதை விரல் சொல்லும். அது பாதியில் நின்றால் கேண்டரில், அதாவது மிதமான பாய்ச்சலில், தொடையை அறுத்துவிடும். காலை அங்கவடியிலிருந்து எடுத்துவிட்டுச் சரிசெய்பவர்களைப் பார்க்கிறேன். குதிரை ஒரு அடி நகர்ந்தால் போதும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இப்போது எங்கள் அணியில் என் அளவுக்கு வேகமாகச் செய்பவர் இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

நீளத்தை ஏறுவதற்கு முன்பே கணிக்க எல்லாரும் செய்வது கை அளவு. விரல் நுனியைப் பக்கிளில் வைத்து, அங்கவடி அக்குளைத் தொடுகிறதா என்று பார்ப்பது. அது தோராயம்தான். எனக்கு இன்னும் நல்ல வழி ஒன்று கிடைத்தது. அதைக் கண்டுபிடித்தவள் எங்கள் அணியில் இந்த ஆண்டு சேர்ந்த தமிழ்ப் பெண். காலையில் நடத்தும் கல்லூரியின் மாணவர்கள் குதிரைகளை ஓட்டிக் காட்டுவார்கள் அல்லவா, அப்போது எல்லாரும் குதிரையையே பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம். இவள் என் பக்கத்தில் வந்து, “அக்கா, குதிரையை விடுங்கள், ஏறியிருப்பவரின் முழங்கால் சேண மடலில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் கால் அவரைவிட நீளம். இரண்டு துளை இறக்க வேண்டியிருக்கும்” என்றாள்.

அவ்வளவு எளிமையான விஷயம்! ஒரே குதிரை பல பிரிவுகளில் வருகிறது. நமக்கு முன் அதில் ஏறியவர் விட்டுப்போன நீளம்தான் நமக்குக் கிடைக்கும். அவர் உயரம் தெரிந்தால், அவர் கணுக்கால் வயிற்று வாருக்கு எவ்வளவு கீழே தொங்குகிறது என்று பார்த்தால், ஏறு மேடைக்குப் போகும்போதே நமக்கு எத்தனை துளை ஏற்ற வேண்டும், எத்தனை இறக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அன்றிலிருந்து என் குறிப்பேட்டில் குதிரைக்கு ஒரு வரி, ஏறியவரின் காலுக்கு ஒரு வரி.

சனிக்கிழமை இந்த முறை அப்படியே பலித்தது. பெரிய சாம்பல் நிறக் குதிரை. குறிப்புத்தாளில் குதிமுள் வேண்டாம், சவுக்கு விருப்பம்போல் என்று இருந்தது. எனக்கு முன் ஏறியவர் குட்டையானவர்; மூன்று துளை இறக்கினேன், இருபுறமும் ஒரே எண் துளை, பக்கிள்கள் மேலே. எல்லாம் கச்சிதம். நடையில் ஒன்றும் தெரியவில்லை. ட்ராட் எனும் துள்ளோட்டம் தொடங்கியதும் இடது அங்கவடி என் காலிலிருந்து நழுவுவதுபோல் இருந்தது. எழுந்து அமரும்போதெல்லாம் இடது பாதம் அதைத் தேடியது. எடை இடப்பக்கம் சரிந்தது, குதிரையும் இடப்பக்கமே சாய்ந்து வளைவுகளை அறுத்துக்கொண்டு வந்தது. கேண்டரில் எந்தப் பக்கம் சுற்றுகிறோமோ அந்தப் பக்க முன்னங்கால் முந்த வேண்டும்; அதுதான் லீட். இடது லீட் உடனே கிடைத்தது. வலது லீட் கேட்டபோது முதலில் இடதில்தான் எடுத்தது. சரிசெய்து மறுபடி எடுப்பதற்குள் நடுவர் எங்களைப் பார்த்துவிட்டார். லிமிட்டில் ஒரு தவறான லீட் போதும், கீழ் வரிசைக்குப் போய்விடுவோம். ஐந்தாம் இடம் கிடைத்ததே சாம்பல் குதிரையின் நல்ல குணத்தால்தான்.

இறங்கியதும் குதிரையின் முன்னால் நின்று இரண்டு அங்கவடிகளையும் பார்த்தேன். துளை எண் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இடது அங்கவடி கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கீழே தொங்கியது. காரணம் எல்லா லாயங்களிலும் உள்ளதுதான்: எல்லாரும் இடப்பக்கமிருந்து ஏறுகிறார்கள், ஏறுபவரின் முழு எடையும் இடது வாரில் விழுகிறது, தோல் நீள்கிறது. அக்கறையுள்ள இடங்களில் அவ்வப்போது இடது வாரை வலப்பக்கமும் வலது வாரை இடப்பக்கமும் மாற்றி மாட்டுவார்கள். இந்தச் சேணத்தில் யாரும் அப்படி மாற்றியதாகத் தெரியவில்லை. நாள் முழுக்கக் கல்லூரி கல்லூரியாக ஆட்கள் ஏறி இறங்கும் சேணத்துக்கு அந்தக் கவனிப்பு கட்டாயம் வேண்டும். போட்டிக்கு முதல் நாள் இரவு சேணங்களுக்கு எண்ணெய் பூசுகிறார்கள் அல்லவா, அதனுடன் இதையும் சேர்த்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

எங்கள் பின்னறைச் சேணத்தின் வார்களுக்கு உள்ளே நைலான் பட்டை வைத்துத் தைத்திருக்கிறது, அவை நீள்வதில்லை. அதனால்தான் இத்தனை நாள் பழகியும் இந்த வித்தியாசம் என் கைக்கு வரவில்லை. வேகம் வந்தது, அளவு வரவில்லை. துளை எண்ணை நம்பக் கூடாது, அங்கவடியின் அடித்தட்டைத்தான் நம்ப வேண்டும் என்பது சனிக்கிழமை மாலைதான் உறுதியானது. துளைகளுக்கிடையே ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்கும். அதில் பாதி வித்தியாசம் இருந்தாலும் இடுப்பு ஒரு பக்கம் இறங்கிவிடும்; இடுப்பு இறங்கினால் குதிரை அந்தப் பக்கம் போகச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

ஞாயிறு குலுக்கலில் செம்பழுப்புக் குதிரை. முந்தைய நாள் இரண்டு பேரை நுழைவாயிலை நோக்கி இழுத்துக்கொண்டு போனதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். சீட்டை எடுத்ததும் பக்கத்திலிருந்த மாற்று அணிப் பெண் எனக்காக வருத்தப்பட்டாள். எனக்கு வருத்தமில்லை. காலை ஓட்டத்தில் அதன் காதுகளை நன்றாகக் கவனித்திருந்தேன். வாயிலைக் கடக்கும்போது மட்டும் களத்தின் நடுப்பக்கம் இருக்கும் உள்காது வெளியே திரும்பும், அந்த நேரத்தில் நம் வெளிக்கால், அதாவது வேலிப் பக்கக் கால், அழுத்திப் பிடித்திருந்தால் நேராகப் போகும்.

ஏறுவதற்கு முன் குதிரைக்கு நேர் எதிரே போய் நின்றேன். பிடித்திருந்த மாணவரிடம் குதிரை நான்கு காலிலும் சமமாக நிற்கும்படி ஒரு அடி முன்னே நகர்த்தித் தரச் சொன்னேன். பின்னங்கால் ஒன்றை ஓய்வாக மடக்கி நின்றால் சேணமே சாய்ந்திருக்கும், அளவு பொய்யாகிவிடும். பார்த்தேன்: இங்கும் இடது நீளம், ஆனால் நேற்றைய அளவுக்கு இல்லை. இடதை ஒரு முழுத் துளை ஏற்றினால் என் வழக்கமான நீளத்தைவிடக் குட்டையாகிவிடும். மற்றவர் சேணத்தில் புதுத் துளை போட முடியாது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. வாரை எடுத்து அங்கவடியின் கண்ணுக்கு மேலே ஒரு சுற்று சுற்றிவிட்டால் சிறிதளவு குறையும். வேட்டைச் சேணங்களில் சிறுவர்களுக்கு இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சுற்றிய இடம் தடித்துக் கணைக்காலில் உறுத்தும், நடுவர் கண்ணிலும் படும். அதை விட்டுவிட்டு, குதிரையைச் சுற்றிப் போய் வலதை ஒரு துளை இறக்கினேன். இரண்டும் வழக்கத்தைவிடச் சற்று நீளம், ஆனால் ஏறக்குறைய ஒரே மட்டம். நீண்ட அங்கவடியில் என்னால் உட்கார முடியும். கோணலான அங்கவடியில் யாராலும் முடியாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ட்ராட்டில் டயகனல், அதாவது நாம் எழுந்து அமர்வது குதிரையின் சரியான குறுக்குக் கால் இணையோடு பொருந்துவது, இருபுறமும் முதல் எழுச்சியிலேயே கிடைத்தது. வாயிலருகே வெளிக்கால் பிடித்தது. குதிரை ஒருமுறை கேட்டது, நான் இல்லை என்றேன், பிறகு கேட்கவில்லை. இரண்டு லீட்டும் சுத்தம். கடைசியில் நடுவர் அங்கவடிகளை விட்டுவிட்டு உட்கார்ந்து ட்ராட் செய்யச் சொன்னார். நீண்ட அங்கவடியில் ஏற்கெனவே கால் இறங்கியிருந்ததால் எனக்கு மாற்றமே தெரியவில்லை. முன்னால் போனவரின் முழங்கால் மேலேறி வந்ததைப் பார்த்தபோதே வரிசையில் நான் மேலே போவேன் என்று தெரிந்தது.

அணிக்கணக்கில் இந்த முதலிடம் சேரவில்லை. அன்று லிமிட்டில் எங்கள் புள்ளி வீரராக, அதாவது அணிக்குப் புள்ளி சேர்ப்பவராக, அட்டையில் எழுதப்பட்டிருந்தது வேறொருவர் பெயர். பிரிவு தொடங்குவதற்கு முன்பே பயிற்சியாளர் அட்டையைக் கொடுத்துவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. அவளும் வேறொரு பந்தயக் குழுவில் நன்றாகச் செய்து மூன்றாவது வந்தாள், நான்கு புள்ளிகள். முதலிடத்துக்கான என் ஏழு புள்ளிகள் என் சொந்தக் கணக்குக்கு. சனிக்கிழமை ஐந்தாம் இடம் வந்தவளை ஞாயிறு அட்டையில் எழுதாதது சரியான முடிவுதான்.

எந்த பூட்ஸ் வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு: கணுக்காலில் கயிறு கட்டும் ஃபீல்டு பூட்ஸையே வாங்குங்கள். கயிறு இல்லாத ட்ரெஸ் பூட்ஸ் பார்க்க அழகு, ஆனால் புதிதில் கணுக்கால் மடங்காது, குதிகால் இறங்காது. பழையதை வாங்குவதானால் பின்பக்க ஜிப்பின் அடி முனையைப் பாருங்கள். அங்கே துணி பிய்ந்திருந்தால் போட்டியன்று காலையில்தான் அது முழுதாகப் போகும். ஹெல்மெட் மட்டும் பழையது வேண்டவே வேண்டாம். ஒருமுறை அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது. ஏஎஸ்டிஎம் பாதுகாப்புத் தரமும் எஸ்இஐ சான்று முத்திரையும் உள்ள புதியதை வாங்குங்கள்.

அடுத்தது தாண்டுதல். ஃப்ளாட்டில் இப்போது இருக்கும் நீளத்திலிருந்து இரண்டு துளையாவது ஏற்ற வேண்டும். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடெரிகோ காப்ரில்லி (1868–1907) முன்சாய்ந்து தாண்டும் முறையை வகுத்ததிலிருந்து குட்டை அங்கவடிதான் தாண்டுதலின் அடிப்படை. குதிரையின் முதுகிலிருந்து எடையை எடுக்க முழங்காலும் கணுக்காலும் மடங்க இடம் வேண்டும். அந்த நீளத்தில் அரை அங்குல வித்தியாசம் இன்னும் கடுமையாகத் தெரியும் என்று நினைக்கிறேன், தரையிறங்கும்போது முழு எடையும் கணுக்காலில்தானே வந்து விழுகிறது. அதற்காகப் பின்னறைச் சேணத்தின் இடது பக்கத்தில் நைலான் வாரை எடுத்துவிட்டு, லாயத்தில் ஒதுக்கிப் போட்ட பழைய நீண்ட தோல் வார் ஒன்றை நேற்றே மாட்டிவிட்டேன். துளை எண்களின்மேல் கறுப்பு நாடா ஒட்டியாகிவிட்டது. இனி அந்தத் தமிழ்ப் பெண் வந்து துளைகளை மாற்றி வைப்பாள், நான் எதிரே நின்று மட்டம் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன்.