சமநிலை இல்லாத ஆட்டம்

நம் கல்லூரி மைதானத்தில் துடுப்பாட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தோல்வியைவிடச் சமநிலைதான் அதிகம் பழக்கம். பெரும் போட்டியின் கடைசி நாள் மாலையில் ஒன்பது விக்கெட்டுகள் விழுந்த பின்னும் நாம் மதிலை விட்டு இறங்குவதில்லை. பதினோராவது ஆளுக்கு ஓட்டம் எடுக்கத் தெரியாவிட்டாலும், பந்தை மறிக்கத் தெரிந்தால் போதும். வெயில் சாயும்வரை அவன் நின்றுவிட்டால் நாம் தோற்கவில்லை. அப்படித் தப்பிய ஒரு மாலையில் கொடியைக் கட்டிக்கொண்டு நகரைச் சுற்றிச் சைக்கிள் ஊர்வலம் போனோம். வென்றவர்கள் யார் என்று கடைக்காரர் ஒருவர் கேட்டார். யாருமில்லை என்று அவ்வளவு பெருமையோடு சொன்னோம்.

பேஸ்போலில் அந்த வசதி கிடையாது. எத்தனை இன்னிங்ஸ் போனாலும் ஒருவர் தோற்றே ஆகவேண்டும். 2025 உலகத் தொடரில், அதாவது வட அமெரிக்க பேஸ்போலின் இறுதித் தொடரில், லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸோடு நடந்த மூன்றாவது ஆட்டம் வழக்கமான ஒன்பதைத் தாண்டி 18 இன்னிங்ஸ் நீண்டு, டொட்ஜர்ஸின் பிரெடி பிரீமன் எல்லைச் சுவருக்கு மேலே அடித்த ஹோம் ரன்னில் முடிந்தது. அதில் தோற்றதும் நம் ரொறன்ரோ புளூ ஜேஸ்தான். ஆனாலும் அடுத்த இரண்டு ஆட்டங்களையும் வென்று, 3-2 என்ற முன்னிலையோடு ஊருக்கு வந்தார்கள். 2024இல் தங்கள் பிரிவில் கடைசி இடத்தில் கிடந்த அணி அது.

ஆறாவதில் தோற்ற பின், கிண்ணத்தைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தை, நவம்பர் 1 இரவு, ஸ்காபரோவில் வகுப்பு நண்பர் ஒருவரின் பேஸ்மென்டில் பார்த்தோம். பெரும்பாலும் நம் கல்லூரிக் கூட்டம்தான், பிள்ளைகளும் இருந்தார்கள். எங்களில் சிலர் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த காலத்தில்தான் ஜேஸ் 1992இலும் 1993இலும் கிண்ணம் வென்றது. ஜோ கார்ட்டரின் ஹோம் ரன்னை உணவகச் சமையலறை வாசலில், ஈரக் கையோடு நின்று பார்த்தவன் நான். விதிகள் ஒன்றும் விளங்கவில்லை. ஊரில் எல்லே விளையாடியிருந்ததால், தளங்களைச் சுற்றி ஓடி முடித்தால் ஓட்டம் என்பது மட்டும் புரிந்தது.

மூன்றாவது இன்னிங்ஸில் நம் போ பிஷெட், டொட்ஜர்ஸின் ஷோஹெய் ஓதானியின் பந்தை அடித்து மூன்று ஓட்டங்களைக் கொண்டுவந்தபோது சிற்றுண்டித் தட்டு கவிழ்ந்தது. ஒன்பதாவது தொடங்கும்போது ஜேஸ் 4-3 என்று முன்னிலை. ஒருவர் ஆட்டமிழந்துவிட்டார்; இன்னும் இருவர் போனால் கிண்ணம். அப்போது மட்டைக்கு வந்தவர் டொட்ஜர்ஸின் மிகுவெல் ரோஹாஸ், களத்தடுப்புக்குப் பெயர்போன மூத்த வீரர். எல்லைச் சுவருக்கு மேலே அடித்தார். நான்குக்கு நான்கு.

அதே இன்னிங்ஸில் ஜேஸ் மட்டை பிடித்த மறுபாதியைத்தான் நாங்கள் இன்னும் பேசித் தீர்க்கவில்லை. மூன்று தளங்களிலும் ஜேஸ் வீரர்கள் நிற்கிறார்கள், ஆட்டமிழந்தவர் ஒருவர் மட்டும். பந்து வீசுபவர் முந்தைய இரவே 96 பந்துகள் வீசிய யொஷினோபு யமமோட்டோ. டோல்ட்டன் வார்ஷோ தரையோடு அடித்த பந்தை ரோஹாஸ் தடுமாறிப் பிடித்து, ஓட்டம் முடியும் தளமான ஹோம் பிளேட்டுக்கு எறிகிறார். மூன்றாவது தளத்திலிருந்து ஓடிவந்த ஐசாயா கைனர்-பலேபா சறுக்கிக்கொண்டு வருகிறார். அங்கே பந்தைப் பிடித்தவரின் கால் தளத்தைவிட்டு எழும்பித் திரும்பப் பதிகிறது. மறுபார்வையிலும் ஆட்டமிழப்புத்தான். ஓர் அங்குலம்கூட இருக்காது. அடுத்து ஏர்னி கிளெமென்ட் அடித்த உயரமான பந்தை, தன் அணிக்காரரோடு மோதியபடியே டொட்ஜர்ஸின் அன்டி பஹேஸ் பிடித்துவிட்டார்.

பதினோராவதில் டொட்ஜர்ஸின் வில் ஸ்மித்தின் ஹோம் ரன், 5-4. ஜேஸின் குரேரோ ஜூனியர் இரண்டு தளங்கள் கடக்க அடித்துத் தொடங்கியும், சக வீரர் கேர்க் மட்டை உடைய அடித்த பந்து இருவரை ஒரே வீச்சில் ஆட்டமிழக்கச் செய்தது. நள்ளிரவு தாண்டிவிட்டது. அந்த இரவில்தான் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னோக்கித் திருப்பவேண்டும். வேதனைப்பட மேலதிக நேரம் தந்தார்கள்.

துடுப்பாட்டக் கணக்கில் பார்த்தால் கூத்து வேறு. ஏழு ஆட்டங்களிலும் ஜேஸ் எடுத்த ஓட்டங்கள் 34, டொட்ஜர்ஸ் எடுத்தவை 26. ஊரில் இரண்டு இன்னிங்ஸையும் கூட்டித்தான் யார் மேல் என்று பார்ப்போம். இதை மகளிடம் சொன்னேன். கண்களைத் துடைத்துக்கொண்டே, "அப்பா, முதல் ஆட்டத்தில் எடுத்த 11 ஓட்டங்களைச் சேமித்து வைக்கமுடியாது" என்றாள். பெரும் போட்டிச் சமநிலைகளைப் பற்றியும் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். நாட்கணக்கில் விளையாடி யாருமே வெல்லாமல் வீட்டுக்குப் போவதை அவளால் ஏற்கவே முடியவில்லை. இங்கே பிறந்தவள்; அவளுக்குத் தெரிந்த விளையாட்டில் தோல்வி முழுசாகத்தான் வரும்.

எங்கள் வகுப்புக்காரர்களோ கைனர்-பலேபாவை விடவில்லை. பந்து வீசப்படும்போதே மறுமுனையில் நிற்பவன் கோட்டைத் தாண்டி நகரவேண்டும் என்று நமக்குத் துடுப்பாட்டம் பழக்கிய மாஸ்டர் எத்தனை தரம் கத்தியிருப்பார், இந்த மனிதன் ஏன் தளத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றான் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் முந்தைய இரவு ஆறாவது ஆட்டம் எப்படி முடிந்தது? இரண்டாவது தளத்திலிருந்து ஜேஸின் அடிசன் பார்ஜர் அதிகம் நகர்ந்துவிட்டார். நேராகப் பறந்த பந்தைப் பிடித்தவர் தளத்துக்கு எறிய, பார்ஜரும் ஆட்டமிழந்தார். ஒரு நாள் முன்னே நகர்ந்ததற்குத் தண்டனை கொடுத்த ஆட்டம், மறுநாள் பின்னே நின்றதற்கும் கொடுத்தது. அடித்த பந்து நேராகக் களத்தடுப்பாளரின் கைக்குப் போனால் அகப்பட்டுவிடாதே என்று பயிற்சியாளர்கள் சொன்னபடிதான் கைனர்-பலேபா நின்றார். ஏழாவது ஆட்டத்தை ரோஹாஸின் மட்டைதான் பறித்தது என்பது என் கட்சி.

இந்த வழக்கு எங்கள் வட்ஸ்அப் குழுவில் இன்னும் நடக்கிறது. மாஸ்டரைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் பெரும்பான்மை. அவர்களில் ஒருவரும் பள்ளிக்காலத்தில் மறுமுனையில் ஒழுங்காக நகர்ந்தவர்கள் அல்லர்; ஓட்டமிழப்புப் பட்டியல் ஞாபகம் உள்ளவர்கள் நம் பழைய மாணவர் சங்கத்தில் இன்னும் இருக்கிறார்கள்.